ஒத்த ரிங்

எங்கள் ஊரில் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் காலுக்கு வரும். நின்றுகொண்டிருந்தால் குதிகாலில் ஒரு நடுக்கம். அதற்குப் பிறகு அலமாரியில் கவிழ்த்து வைத்த பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசும். சத்தம் அதற்கும் பிறகுதான். பட்டாசைச் சோதித்துப் பார்க்க வெடிக்கிற வெடியை நான் சொல்லவில்லை. அது அன்றாடம் கேட்பது. அதற்குக் கோழி கூடத் தலை தூக்காது. நான் சொல்வது மற்றதை.

சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டியை ஒட்டித்தான் எங்கள் வீடு. பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கம் பயர் ஆபீஸ் என்பார்கள். நானும் பயர் ஆபீஸில் இருந்தவள்தான். கண்ணில் புரை விழுந்த பிறகு நின்றுவிட்டேன். இப்போது என் மருமகள் போகிறாள். பூச்சட்டிக்கு, அதுதான் புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து அடைக்கிற வேலை. என் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நீயும் அவனோடு போய் இரு என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன்.

"உங்கள இங்கன ஒத்தையில விட்டுட்டுப் போனா ஊரு என்னையத்தான் ஏசும்" என்றாள்.

பாசத்தில் சொன்ன பேச்சில்லை அது. நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவளும் ரோசக்காரி, நானும் ரோசக்காரி. ஒரே அடுப்பில் ரோசக்காரிகள் இரண்டு பேர் சமைத்தால் வீட்டில் பேச்சு குறைந்துதான் போகும். உப்பு இருக்கிறதா, தண்ணீர் வந்ததா, கம்பெனி வண்டி எப்போது வரும், இவ்வளவுதான் எங்கள் பேச்சு. இதுபோக எங்களுக்குள் இருந்தது ஒத்த ரிங் ஒன்றுதான்.

வெளியூர்க்காரர்களுக்கு அதைச் சொல்லியாக வேண்டும். எங்கேயாவது ஒரு பயர் ஆபீஸில் வெடித்துவிட்டால் சுற்றி இருக்கிற எல்லா ஆபீஸிலும் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வருவார்கள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. எல்லாம் கேட்டில் வாட்ச்மேன் அறையில் பெட்டியில் கிடக்கும். ஓடி வந்தவர்கள் பெட்டியில் எந்த போன் கைக்கு வருகிறதோ அதை எடுத்து வீட்டுக்கு அடிப்பார்கள். ஒரே நேரத்தில் அத்தனை ஊரும் அடித்தால் லைன் கிடைக்காது. அதனால் ஒரே ஒரு ரிங். அடித்ததும் கட் பண்ணிவிட வேண்டும். வீட்டில் இருக்கிறவர்கள் எடுக்கக் கூடாது. எடுத்து ஒப்பாரி வைத்தால், பின்னால் நிற்கிறவள் அவள் வீட்டுக்குச் சொல்ல முடியாமல் போகும். யார் போன், எந்த நம்பர் என்று பார்க்கிற வேலை கிடையாது. ரிங் வந்ததா, ஆள் இருக்கிறது. வரவில்லையா, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பு.

இதை யார் ஆரம்பித்து வைத்தது என்று எனக்குத் தெரியாது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாகவும் நினைவில்லை. நான் எழுத்துக் கூட்டி, பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிப்பேன். அதற்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அந்த ஒரு ரிங்கைப் படிக்க எனக்கு யார் துணையும் வேண்டியதில்லை.

மருமகள் அடிக்கிற ரிங் மற்றவர்கள் அடிப்பதை விடச் சின்னது. ஆரம்பித்ததுமே வெட்டிவிடுவாள். இதிலும் சிக்கனம் என்று நினைத்துக்கொள்வேன். அவள் சாயங்காலம் வந்தால் "அடிச்சேன், கேட்டுச்சா?" என்று கேட்க மாட்டாள். நானும் கேட்டது என்று சொல்ல மாட்டேன். அவளுக்குச் சுடுதண்ணீர் போட்டு வைத்திருப்பேன். அவள் அதை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவாள்.

பொங்கலுக்கு வந்த மகன் என் பட்டன் போனை வாங்கிக்கொண்டு பெரிய போன் ஒன்றைக் கையில் கொடுத்தான். கண்ணாடி மாதிரி இருந்தது. எவ்வளவோ செய்யும் என்றான். கேட்டால் கோலம் வரைந்து காட்டும், மழை வருமா என்று சொல்லும், என் படத்தை எடுத்து என்னை இளவட்டமாக மாற்றிக் காட்டும். மாற்றியும் காட்டினான். யாரோ ஒருத்தி என் மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"எல்லாஞ் சரி. அடிக்குமாலே?" என்றேன்.

"என்னம்மா கேக்குற? போனுன்னா அடிக்காதா?"

"உங்கப்பன் வாங்கிட்டு வந்த ரேடியோ கூட எல்லாம் இருந்துச்சு. பாட்டு மட்டும் வரல."

அவன் சிரித்துவிட்டு, தன் நம்பரில் இருந்து அடித்துக் காட்டினான். வீடே அதிர்கிற மாதிரி அடித்தது. மருமகள் அடுப்படியில் இருந்தபடியே, "உங்கம்மாவுக்கு நாயனம் வச்சு ஊதச் சொல்லுங்க" என்றாள். அவன் திருப்பூருக்குப் போன பிறகும் வாராவாரம் கூப்பிட்டான். அப்போதெல்லாம் ஒழுங்காகத்தான் அடித்தது. அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மருமகள் கதவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். மருந்து அடைக்கிற அறைக்கு நாலு பக்கமும் கதவு இருக்கும். எல்லாம் வெளியே தள்ளினால் திறக்க வேண்டும். தீ என்றால் எந்தப் பக்கம் கிட்டேயோ அந்தப் பக்கம் பாய வேண்டும். அதற்காகத்தான் நாலு. அவள் உட்காருகிற பக்கத்துக் கதவு கீழே தரையில் இழுத்துக்கொண்டு நின்றதாம். தோளை வைத்துத் தள்ளினால்தான் போகும்.

"போர்மேன்ட்ட சொன்னியா?"

"சொன்னேன். சீசன் முடியட்டும்னாரு."

"சீசன் எப்ப முடிஞ்சிருக்கு இங்கன?"

அவள் சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்: "இந்த வருசம் புது ஐட்டம் வருதாம் அத்தை. நாலு கலருல புகை போகுமாம். கேட்டுல புது மெஷின் வச்சிருக்காக. மூஞ்சியக் காட்டுனா வருகை போட்டுக்கிடும். சாயங்காலம் அலுமினியப் பவுடரோட போயி நின்னா யாருன்னு தெரியலைங்குது. மூஞ்சியக் கழுவிட்டு வாங்கன்னு தொரத்துறாக. எங்க மாமியாருக்கே என்னைய யாருன்னு தெரியாது, மெஷினுக்கு எங்கிட்டுத் தெரியப் போகுதுன்னேன். எல்லாரும் சிரிச்சாக."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் முன்னால் சிரிக்கவில்லை.

வைகாசி வெயிலில் ஒரு மத்தியானம் குதிகாலுக்கு அந்த நடுக்கம் வந்தது. பாத்திரம் உரசியது. சத்தம் கிழக்கே இருந்து. மருமகளின் ஆபீஸும் கிழக்கேதான். போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றேன். எதிர்வீட்டில் போன் ஒரு ரிங் அடித்து நின்றது. அடுத்து அதற்குப் பக்கத்து வீட்டில். தெருவில் வரிசையாக ஒவ்வொரு வீடாக அடித்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வாசலிலும் நின்ற பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கடைசியில் தெருவில் நான் மட்டும் நின்றேன். என் மடியில் இருந்த கண்ணாடி இரண்டு தடவை வெளிச்சம் காட்டி அணைந்தது. சத்தம் இல்லை.

செருப்பை மாட்டினேன். சீமைக் கருவேலங்காட்டுப் பாதையில் போனால் சீக்கிரம். முள்ளைப் பார்க்கவில்லை. தூரத்தில் புகை தெரிந்தது. அது எந்த ஆபீஸ் என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நடந்துகொண்டே அவள் காலையில் என்ன சேலை கட்டிப் போனாள் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அடையாளம் கேட்டால் என்ன சொல்வது? ஒரே வீட்டில் இருந்துகொண்டு சேலையைக் கூடப் பார்க்கவில்லையே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அவளுடைய ஆபீஸ் கேட்டுக்கு வெளியே ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். வெடித்தது வேறு ஆபீஸ். அவள் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். பச்சைச் சேலை. என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன அத்தை? வீட்ல என்ன? அவுகளுக்கு எதும்..."

"ரிங் வரல."

"அடிச்சேனே! மொதல்ல அடிச்சேன், எவளோ ஒருத்தி எடுத்தா. செய்தி வாசிக்கிறவ கணக்கா, நீங்க யாரு, எதுக்காக அழைக்கிறீர்கள்னு கேக்கா. தப்பா அடிச்சுட்டேன்னு நெனச்சு மறுக்கா அடிச்சேன். மறுபடியும் அவதான். நம்ம வீட்ல யாரு அத்தை அவ?"

பக்கத்தில் நின்ற ஒருத்தி, "உம் புருசன் பொங்கலுக்கு வந்தப்ப விட்டுட்டுப் போயிருப்பான்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்னொருத்தி, "எங்க வீட்டுக்கெல்லாம் ரிங் போவுது. இவ வீட்ல ஆளே வந்திருது" என்றாள். அதற்கும் சிரிப்பு. பயந்து நிற்கிறவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள், எனக்குத் தெரியும். ஆனால் மருமகளுக்குக் கூச்சமாகிவிட்டது.

"இனிமே இப்படி ஓடியாராதீக. கால்ல ரத்தத்தப் பாருங்க. ரிங் வரலைன்னா போனு மக்கர் பண்ணுதுன்னு வச்சுக்கோங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

அப்போது எனக்கு மூச்சு இரைத்தது. அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ரிங் வராததற்கு இதுவரை ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அன்றைக்கு அதற்கு இன்னொரு பொருளையும் சேர்த்து வைத்துவிட்டாள்.

மகனிடம் கேட்டேன். அவன் சந்தோசமாகச் சொன்னான்: "அது புது வசதிம்மா. தெரியாத நம்பர்ல இருந்து வந்தா அந்தப் பொண்ணே எடுத்து, யாரு என்னன்னு கேட்டு, உனக்கு எழுதிக் காட்டும். உன்னைய யாரும் தொந்தரவு பண்ண முடியாது."

"நான் எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள கூப்பிட்டவ கருமாதியே முடிஞ்சிரும்லே. அவளத் தூக்கு."

தொலைவில் இருந்து அவனால் முடியவில்லை. கண்ணைக் காட்ட விருதுநகர் போனபோது பஜாரில் ஒரு போன் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். மரியாதையான ஆள். ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்.

"என்ன ஆத்தா செய்யுது?"

"எல்லாஞ் செய்யுது. அடிக்க மட்டும் மாட்டேங்குது."

விவரத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே விரலால் தள்ளித் தள்ளி எங்கேயோ உள்ளே போய் அந்தப் பெண்ணை நிறுத்தினார்.

"அவங்க நம்பர ஏத்தி வச்சிட்டா பிரச்சினையே இல்லையே ஆத்தா."

"கேட்டுல யாரு போனு கைக்கு வருமோ தம்பி. ஊரையே ஏத்தணும்."

"அதுவுஞ் சரிதான்."

"மொதல்ல இது மணியடிக்கிற சாமான். அதுல குறைய வச்சுக்கிட்டு எதுக்குக் கோலம் போடுது?"

அவர் சிரித்தார். "கம்பெனிக்காரன் என்ன செய்வான் ஆத்தா? மணி நல்லா அடிக்கும்னு சொன்னா எவன் புதுப் போனு வாங்குவான்? புதுசா ஒண்ணு காட்டுனாத்தான் யாவாரம். பழைய குறையச் சரி பண்றவனுக்கு அங்க பேரும் கிடையாது, ஒண்ணுங் கிடையாது. ஏன், உங்க சிவகாசியிலயே பாருங்க. வருசா வருசம் புது ஐட்டம் போட்டாத்தானே ஆர்டர் வருது?"

அவர் வெகுளியாகத்தான் சொன்னார். எனக்கு அந்தக் கதவு ஞாபகம் வந்தது. ஸ்டூலில் இருந்து எழுந்துகொண்டேன்.

அப்புறம் கொஞ்ச நாள் போன் சொன்னபடி கேட்டது. மேல்வீட்டுக்காரியை அவள் தம்பி போனில் இருந்து அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். அடித்தது. எனக்கு நிம்மதி. ஆடி கழிந்து ஒரு நாள் விடிந்து பார்த்தால் போனின் முகமே மாறி இருந்தது. படங்கள் எல்லாம் உருண்டையாக, பளபளவென்று. பூ ஒன்று தானாக விரிந்து விரிந்து மூடியது. நான் ஒன்றையும் தொடவில்லை. தூங்குகிறவள் முகத்துக்கு யாரோ பவுடர் பூசிவிட்டுப் போன மாதிரி இருந்தது. புதுசா என்னென்னமோ வந்திருக்கு என்று மருமகள் பார்த்துச் சொன்னாள். வந்ததைப் பற்றித்தான் அதில் போட்டிருந்தது. எது திரும்பவும் பழையபடி ஆகிப்போனது என்று போடவில்லை.

ஆவணியில் சீசன் உச்சம். தீபாவளி லோடு ஏற்ற லாரிகள் வரிசை கட்டி நிற்கும். மருமகள் இருட்டுவதற்குச் சற்று முன்னால்தான் வருவாள். வந்ததும் தோளை நீவி விட்டுக்கொள்வாள். கதவைத் தள்ளித் தள்ளி அங்கே கன்றிப் போயிருந்தது. மழை தூறின நாட்களில் அது இன்னும் இறுகிக்கொண்டதாம்.

"அந்தப் பக்கம் உக்காராத. வேற கதவுகிட்ட உக்காரு" என்றேன்.

"எடம் பிரிச்சுக் குடுத்திருக்காக அத்தை. நான் எந்திரிச்சா அங்கன இன்னொருத்தி உக்காரணும்ல?"

விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தேன்.

அந்தச் சத்தம் காலை நேரத்தில் வந்தது. உலையில் அரிசி போட்டிருந்தேன். குதிகால் நடுங்கியது. பெரிய சத்தம் இல்லை. நடுவாந்தரம். வாசலுக்கு வந்தேன். தெருவில் போன்கள் அடித்தன. ஒன்று, அப்புறம் ஒன்று. என்னுடையது அடிக்கவில்லை.

என் கால் செருப்பைத் தேடியது. அதே நேரம் மருமகளின் குரல் காதில் விழுந்தது, ஓடியாராதீக என்று. மரத்தடிச் சிரிப்பு கேட்டது. போனைப் பார்த்தேன். பூ விரிந்து மூடிக்கொண்டிருந்தது. அடிக்காமல் இருப்பது அதுவா, அவளா? இதை எப்படித் தெரிந்துகொள்வது? வருசக்கணக்காக நான் பிசகாமல் படித்த ஒரே எழுத்தை யாரோ அழித்து அதே இடத்தில் கிறுக்கி வைத்திருந்தார்கள்.

சோறு பொங்கி அடுப்பை அணைத்தது. அதுவரை நின்றிருக்கிறேன். பிறகு நடந்தேன். நின்றதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். எனக்குச் சேர வேண்டிய சேதியை நடுவில் நின்று பிடித்து வைத்துக்கொண்டவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் முகத்தை நான் பார்த்தது கூட இல்லை.

பாதி வழியில் கம்பெனி வண்டி எதிரே வந்தது. ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளே இருந்த முகங்கள் எல்லாம் பவுடரில் வெள்ளி மாதிரி ஒன்றுபோல் இருந்தன. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என்னை யாரும் பார்க்கவில்லை. மரத்தடியில் கேலி பேசினவள்தான் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டியில ஏறுங்க சித்தி. சிவகாசி பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். பேசுறா. நல்லாப் பேசுறா. பயப்படாதீக."

கேலி பேசுகிறவள் கையைப் பிடித்தால் பயப்படாமல் என்ன செய்வது?

மருமகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை துணி சுற்றி இருந்தது. முன்பக்கத்து முடி பொசுங்கி இருந்தது. நான் கிட்டே போனதும் அந்தக் கைகளைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள்.

"அடிக்க முடியல அத்தை."

அவள் தலையில் கை வைத்தேன். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து அவள் தலையை நான் தொட்டதில்லை.

"வாட்ச்மேன்ட்ட நம்பரச் சொன்னேன். அவரு அடிச்சாரு. அந்தப் பிள்ள எடுத்து நீங்க யாருன்னு கேட்டிருக்கா. ராங் நம்பருன்னு வச்சுட்டாரு. நம்பரு சரிதான், அவட்ட பேசுங்கன்னு நான் கத்துறதுக்குள்ள ஆம்புலன்சுல ஏத்திட்டாக."

பக்கத்து அறையில் மருந்து பற்றியிருக்கிறது. அனல் இவர்கள் அறைக்குள் பாய்ந்ததும் இவள் தன் பக்கத்துக் கதவில் தோளை வைத்துத் தள்ளினாள். இழுத்துக்கொண்டது. மறுபடி தள்ளினாள். கூட இருந்தவர்கள் மற்றக் கதவுகளால் வெளியே போய்விட்டார்கள். பிறகுதான் இவளும் திரும்பி, அனலைக் கையால் தடுத்துக்கொண்டு அறையைக் கடந்து எதிர்க்கதவால் பாய்ந்திருக்கிறாள். ஒரு கதவு ஒழுங்காகத் திறந்திருந்தால் அவள் கையால் ஒத்த ரிங் வந்திருக்கும். ஒரு போன் ஒழுங்காக அடித்திருந்தால் வாட்ச்மேன் கையாலாவது வந்திருக்கும்.

பஜார்க் கடைக்காரர் மறுபடியும் அந்தப் பெண்ணை நிறுத்திக் கொடுத்தார். இனிமேல் வரமாட்டாளா என்று கேட்டேன். "அடுத்த தடவ மாறும்போது என்ன செய்யுமோ, அது கம்பெனிக்காரன் கையில ஆத்தா" என்றார். பட்டன் போன் கேட்டேன். பெரிய போனோடு மகன் மாற்றிப் போட்ட சிம்முக்கு அது ஆகாதாம். போனை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன்.

மாசக்கணக்காக அவளுக்கு நான்தான் சோறு ஊட்டினேன். அவள் வாய்க்குள் உருண்டையை வைக்கும்போது, "உப்பு கூடிப்போச்சு" என்பாள். "வாய மூடித் தின்னு" என்பேன். அந்த வீட்டில் அதற்கு முன் அவ்வளவு பேச்சு இருந்ததில்லை.

தோல் புதுசாக வந்தது. சிவப்பாக, மினுமினுவென்று. மகன் திருப்பூருக்குக் கூப்பிட்டான். அவள் போகவில்லை. அடுத்த சீசனுக்கு ஆள் தேடி போர்மேன் வீட்டுக்கே வந்தார். வேண்டாம் என்றேன். "வேற என்ன வேலை அத்தை தெரியும் எனக்கு?" என்றாள்.

முதல் நாள் போய்விட்டு வந்தாள். சுடுதண்ணீர் எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

"அதே அறையா?"

"அதே எடந்தான்."

"கதவு?"

"பச்சைப் பெயிண்டு அடிச்சிருக்காக. பாக்க அழகா இருக்கு. மேல ஒரு கேமரா வேற வச்சிருக்காக."

"திறக்குதா?"

அவள் சொம்பில் தண்ணீரை மோந்து புதுத் தோலின் மேல் மெதுவாக ஊற்றிக்கொண்டாள்.

"வெயில்ல திறக்குது" என்றாள். "ஈரங்கண்டா மரம் ஊதும்ல. மழை வரட்டும், பாப்போம்."

மேற்கே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.